தொட்டிக்கு அடியில் ஜல்லி எதற்கு?

நம்பிக்கை: தொட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும், வேர் அழுகாது.

உண்மை: வடிகால் கெடும். வேர் இன்னும் சீக்கிரம் அழுகும்.

மாடித் தோட்ட வகுப்பு எதற்குப் போனாலும் முதல் பாடம் இதுதான். நர்சரிக்காரர் சொல்கிறார், யூடியூபில் சொல்கிறார்கள், அதைக் கேட்டுவிட்டு குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியம்மா சொல்கிறார். மண் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் வாயால் மறுத்து மறுத்து அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

மண்ணில் உள்ள நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜல்லிக்கு நடுவே இருப்பவை பெரிய பெரிய இடைவெளிகள். அவற்றுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அதனால் மண்ணிலிருக்கும் தண்ணீர் ஜல்லிக்குள் லேசில் இறங்காது. மேல் மண் சொதசொதவென்று ஊறி, இனித் தாங்காது என்றான பிறகுதான் கீழே சொட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண் அறிஞர் வால்டர் கார்ட்னர் 1950களின் கடைசியிலேயே இதைப் படமாக எடுத்துக் காட்டிவிட்டார். இறங்கி வந்த தண்ணீர் சரளை அடுக்கின் விளிம்பில் நின்று பக்கவாட்டில் பரவியது. மேல் மண் நிறைந்த பிறகே சரளைக்குள் போனது.

அமெரிக்கா வரை போக வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் நீளமான ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளங்கையில் படுக்கவையுங்கள். சொட்டுவது நின்றதும் பிழியாமல் அதைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடியுங்கள். மறுபடி சொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். உயரம் கூடியதும் வடிகிறது. தொட்டி மண்ணுக்கும் இதே கணக்குதான். எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் ஈரம் தேங்கும் பட்டை ஒன்று உண்டு. பத்து அங்குலத் தொட்டியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால், அந்தப் பட்டை இரண்டு அங்குலம் மேலேறி வேரோடு வந்து உட்காரும். மண்ணின் உயரத்தை நீங்களே குறைத்துவிட்டு, ஐப்பசி மழையில் ரோஜா போய்விட்டது என்று புலம்பி என்ன பயன்?

ஓட்டை வழியே மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும். தொட்டியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். மீதி உயரம் முழுக்க மண் கலவைதான்: செம்மண், உப்புப் போகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், மூன்றும் சம பங்கு.

நம்பிக்கை: எப்படியும் வளரப்போகிற செடி, எடுத்தவுடனே பெரிய தொட்டியில் வைக்கலாம்.

உண்மை: சின்னக் கன்றின் வேரால் அத்தனை ஈரத்தையும் குடிக்க முடியாது. வேர் நிறைய நிறையத் தொட்டியை மாற்றுங்கள்.

நம்பிக்கை: உச்சி வெயிலில் இலைமேல் தண்ணீர் பட்டால் கருகும்.

உண்மை: 2010இல் வெளியான ஹங்கேரி ஆய்வு, வழவழப்பான இலைகளில் அப்படி நடக்கவில்லை என்று காட்டியது. மெழுகுபோன்ற ரோமம் அடர்ந்த இலைக்கே அந்த ஆபத்து. வாடி நிற்கும் செடிக்குச் சாயங்காலம்வரை காத்திருக்காமல் ஊற்றுங்கள்.

நம்பிக்கை: மல்லிகையை வெட்டினால் பூக்காது.

உண்மை: வெட்டாவிட்டால்தான் பூ குறையும். மல்லிகை மொட்டு வைப்பது புதுத் துளிரில். தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு, நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

நம்பிக்கை: டீத்தூளும் முட்டை ஓடும் போட்டால் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

உண்மை: பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளுக்கு எறும்புதான் வரும். முட்டை ஓடு வெறும் சுண்ணாம்பு. அது நம் போர்வெல் தண்ணீரிலேயே தாராளமாக இருக்கிறது.

நம்பிக்கை: இட்லிப்பூச் செடி மஞ்சளானால் எப்சம் உப்பு போட வேண்டும்.

உண்மை: எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். முதிர்ந்த கீழ் இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளானால் மெக்னீசியக் குறை. அதற்கு எப்சம் உப்பு சரி. இட்லிப்பூவில் பெரும்பாலும் வெளிறுவது துளிர் இலை, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மையுள்ள தண்ணீர் அதை வேருக்குக் கிடைக்கவிடாது.

ஆக, பார்க்க வேண்டியது ஊற்றுகிற தண்ணீரை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது உப்பு. வீணாக்கக் கூடாது என்று ஆர்ஓ கழிவுநீரைப் பூச்செடிக்கு ஊற்றுகிறீர்கள். வடிகட்டியில் ஒதுங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். அடுக்குமாடி சாஃப்ட்னர் தண்ணீர் அதைவிட மோசம். அந்த இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டு, பதிலுக்கு சோடியத்தைத் தருகிறது. சோடியம் ஏறிய செம்மண்ணில் களித்துகள்கள் கலைந்து துளைகளை அடைக்கும். மண் இறுகி, தண்ணீர் மேலேயே நிற்கும். உடனே என்ன செய்கிறார்கள்? வடியவில்லை என்று சொல்லி, தொட்டியைக் கவிழ்த்து இன்னும் இரண்டு கை ஜல்லி போடுகிறார்கள்!

புதுத் தொட்டி வாங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், சாஃப்ட்னருக்கு முன்னால் செடிக்கென்று தனியாக ஒரு குழாய் வேண்டும் என்று கேளுங்கள். தரவில்லையா, சண்டை போடுங்கள்.