எதில் அவசரம், எதில் நிதானம்?

அடுப்படி கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியவை. சீக்கிரம் முடிக்க வழி கேட்டு எழுதியவர்கள் பலர். சீக்கிரம் முடித்துவிட்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று கலங்கி எழுதியவர்களும் உண்டு.

கே: எங்கள் ஊர் சந்தையில் வாங்கும் துவரம்பருப்பு எட்டு விசில் விட்டும் விதை விதையாக நிற்கிறது. பக்கத்து வீட்டில் நாலு விசிலில் குழைந்துவிடுகிறது. சரியாக எத்தனை விசில்?
— ஒரு வாசகி, திருச்சி

ப: விசிலை எண்ணுவதை முதலில் விடுங்கள். உள்ளே ஆவி மிஞ்சினால் வெயிட் தூக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எட்டு விசில் வரும். சிம்மில் வைத்தால் அதே ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட வராது. இரண்டு குக்கரிலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே 120 டிகிரிதான். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம், ஊறாததற்குப் பதினைந்து.

அதற்கும் வேகவில்லை என்றால் மூன்று காரணங்கள் உண்டு. பருப்பு பழையதாக இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீராக இருக்கலாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். தக்காளியையோ புளியையோ பருப்போடு சேர்த்தே போட்டிருக்கலாம். புளிப்பு பட்ட பருப்பு குழையாது. குடிநீரில் வேகவையுங்கள், புளிப்பைப் பிறகு சேருங்கள். சமையல் சோடா போடாதீர்கள். பருப்பு குழையும், அதிலுள்ள பி1 வைட்டமின் அழியும்.

கே: என் மனைவி எல்லாவற்றையும் குக்கரிலும் மிக்ஸியிலும் முடித்துவிடுகிறார். என் அம்மா அம்மியில் அரைத்து, மண்சட்டியில் ஆற அமரச் சமைத்த ருசி வருவதில்லை. நிதானமாகச் சமைப்பதன் அருமையை அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.
— ஒரு வாசகர், சேலம்

ப: அருமை தெரிந்தவர் நீங்கள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மியில் அரைத்து, மண்சட்டியில் நீங்களே சமையுங்கள்.

கே: மாற்றலாகி மதுரையிலிருந்து உதகைக்கு வந்திருக்கிறோம். குக்கர் இன்னும் வந்து சேரவில்லை. பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் கொதித்தும் கொண்டைக்கடலை வேகவில்லை. கடலை சரியில்லையா?
— ஒரு வாசகி, உதகை

ப: கடலைமேல் குற்றமில்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. மலையில் பருப்புக்கும் பயறுக்கும் குக்கர் அவசியம். அதிலும் சமவெளியைவிட நாலைந்து டிகிரி குறைவாகத்தான் சூடு வரும். அதற்கேற்ப நிமிடத்தைக் கூட்டுங்கள். குக்கர் வந்து சேரும் வரை பாசிப்பருப்பு செய்யுங்கள்.

கே: வேலை முடிந்து அறைக்குத் திரும்ப இரவு எட்டாகிறது. சிக்கன் குழம்பை அரை மணிக்குள் முடித்தாக வேண்டும். பெரிய தீயில் வதக்கினால் வெங்காயம் ஓரம் கருகுகிறது, நடுவில் பச்சையாகவே இருக்கிறது. குழம்பிலும் மசாலாவின் பச்சை வாசனை போவதில்லை. வீடியோவில் ஐந்தே நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகிறதே, எப்படி?
— ஒரு வாசகர், ஓசூர்

ப: வீடியோவில் நடுவே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பெரிய வெங்காயம் நிஜமான பொன்னிறத்துக்கு வரக் கால் மணி நேரம் ஆகும். பிரியாணிக்கு வேண்டிய செந்நிறம் வர அரை மணி. இதை ஒளித்துவிட்டு ‘ஐந்து நிமிடம்’ என்று எழுதுகிறவர்களும் காட்டுகிறவர்களும் சமையல் பழகும் பிள்ளைகளுக்குச் செய்வது அநியாயம். தன் கையில்தான் கோளாறு என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

என் வகுப்பில் நான் முதல் நாளே சொல்வது இதுதான். வெங்காயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறமும் மணமும் நன்றாக ஏற 140 டிகிரியாவது வேண்டும். ஆக, முதலில் தண்ணீர் வெளியேற வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நீங்கள் தீயைக் கூட்டும்போது வாணலியைத் தொடுகிற ஓரம் மட்டும் காய்ந்து கருகுகிறது. நடுவில் தண்ணீர் அப்படியே நிற்கிறது.

மசாலாவுக்கும் இதே கதைதான். இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மல்லித்தூள் எல்லாம் எண்ணெயில் வதங்கி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். அது வெறும் அழகுக்காகச் சொன்னதில்லை. தண்ணீர் போய்விட்டது, இனி மசாலா எண்ணெயின் சூட்டில் வறுபடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் மறுபடி 100 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் அந்த மணம் வராது.

இப்போது மறுபக்கம். தண்ணீர் ஊற்றிய பிறகு குழம்பு தளதளவென்று கொதித்தாலும் லேசாகக் கொதித்தாலும் சூடு ஒன்றுதான். பெரிய தீ அதிக ஆவியைக் கிளப்பும். கறியைச் சீக்கிரம் வேகவைக்காது. அங்கே அவசரப்பட வேண்டுமானால் குக்கரை மூடுங்கள், ருசிக்குப் பெரிய கேடில்லை. வதக்குவதில் நிதானம், வேகவைப்பதில் வேகம். நம் அடுப்படிகளில் இது தலைகீழாக நடக்கிறது. மூன்று நிமிடம் வதக்கிவிட்டு, குறையைச் சரிக்கட்ட முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். பச்சை வாசனையும் முழுதாகப் போவதில்லை, கோழியும் நாராகிவிடுகிறது.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். விடுமுறை நாளில் ஒரு கிலோ வெங்காயத்தை ஒரே அளவாக அரிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, முதல் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், தண்ணீர் விட்டுவிடும். பிறகு திறந்து, மிதமான தீயில் வதக்குங்கள். இஞ்சி பூண்டும் தக்காளியும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறி, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். வார நாளில் அதைச் சூடாக்கி, தூள் சேர்த்து வதக்கி, கோழியைப் போட்டு வேகவைத்தால் அரை மணிக்குள் குழம்பு தயார். தேவையான நேரத்தை ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட்டீர்கள்.

கே: ரசத்தை எவ்வளவு நேரம் கொதிக்கவிடலாம்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும். பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு கொதிக்கவே கூடாது. நுரைத்து வந்ததும் இறக்குங்கள்.

கே: கணவாய் சமைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. கால் மணி நேரம் நன்றாக வேகவைத்துத்தான் இறக்குகிறேன்.
— ஒரு வாசகி, சென்னை

ப: அந்தக் கால் மணிதான் தப்பு. கணவாய்க்கு இரண்டே வழி: பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம், இல்லையென்றால் சிறுதீயில் முக்கால் மணி. நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். தொக்குச் செய்தால் மசாலாவை முழுதாக வதக்கி முடித்துவிட்டு, கடைசியில் கணவாயைப் போட்டுப் புரட்டி இறக்குங்கள். ஏற்கெனவே ரப்பரானதைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, இன்னும் அரை மணி சிம்மில் வையுங்கள். மெத்தென்று ஆகிவிடும்.

கே: மகன் வெளிநாட்டிலிருந்து ஸ்லோ குக்கர் வாங்கி வந்திருக்கிறான். காலையில் ராஜ்மாவைப் போட்டு ‘லோ’வில் வைத்துவிட்டு அலுவலகம் போகலாமா? மெதுவாக வெந்தால் சத்து வீணாகாது என்கிறார்களே.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: கூடாது. இதைப் படிக்கிற எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத சில கொட்டைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும். நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் ‘லோ’ வைத்தால் கொதிநிலையை எட்டாமலே நாள் முழுக்க இருக்கக்கூடும். கொட்டை மெத்தென்று ஆகியிருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும்.

இரவு ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அல்லது பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். அதற்குப் பிறகு மசாலாவோடு ஸ்லோ குக்கரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஊறட்டும். மெதுவாகச் சமைப்பதெல்லாம் உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

கே: முளைக்கீரையைக் குக்கரில் ஒரு விசில் விட்டுக் கடைகிறேன். நிறம் பாசி படிந்த மாதிரி ஆகிவிடுகிறது.
— ஒரு வாசகி, விழுப்புரம்

ப: கீரைக்குக் குக்கர் எதற்கு? திறந்த பாத்திரத்தில் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். கீரையில் இயல்பாகவே இருக்கும் புளிப்பு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடி வைத்தால் அது உள்ளேயே தங்கிப் பச்சையத்தைக் கெடுக்கும். கைப்பிடித் தண்ணீர், திறந்த சட்டி, நல்ல தீ. புளி சேர்ப்பதானால் கடைசியில் சேருங்கள்.

கே: ஆட்டுக்கால் சூப்பை இரவு முழுக்கக் கொதிக்கவிட்டால்தான் சாரம் இறங்கும் என்கிறார் மாமியார். குக்கரில் வைத்தால் மருந்துக்கு ஆகாதா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: ஆகும். குக்கரின் மூதாதையே எலும்புக்காகப் பிறந்ததுதான். 1679இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் அதைச் செய்து காட்டியபோது, எலும்பை மெத்தென்று ஆக்கும் பாத்திரம் என்றுதான் அறிமுகப்படுத்தினார். கால் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வும் நரம்பும் கரைந்து பசையாவதைத்தான் சாரம் என்கிறோம். 120 டிகிரியில் அது பல மடங்கு வேகமாக நடக்கும். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் முக்கால் மணி நேரம் போதும். உள்ளே கொந்தளிப்பு குறைவாக இருப்பதால் சூப்பும் தெளிவாக இருக்கும்.

மிளகும் சீரகமும் மட்டும் கடைசியில் தட்டிப் போடுங்கள். இரவு முழுக்கக் கொதித்தால் அவற்றின் மணம் அத்தனையும் வீட்டுக் கூரைக்குப் போய்விடும். மாமியாரிடம் ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள்.

கே: இட்லி மாவு புளிக்க நேரமில்லாதபோது பழ உப்புப் போட்டு உடனே ஊற்றலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

ப: ரவை இட்லிக்குப் போடுங்கள். அரிசி உளுந்து மாவில் பழ உப்பு ஓட்டையைத்தான் கொடுக்கும், புளிப்பின் ருசியைக் கொடுக்காது. அன்றைக்கு உப்புமா கிண்டுங்கள்.

கே: எனக்கு 72 வயது. குக்கர் என்றாலே பயம். இன்றும் வெண்கலப் பானையில் சோறு வடிக்கிறேன். கேஸ் வீணாகிறது, சத்து போகிறது என்று மகள்கள் குறைசொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

ப: தாராளமாக வடித்துச் சாப்பிடுங்கள் அம்மா. இத்தனை வருடக் கைப்பழக்கத்தை யாருக்காகவும் மாற்ற வேண்டாம். கேஸ் மிச்சமாக ஒரு யோசனை. அரிசியை அரை மணி ஊறவையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மூடி வையுங்கள். வெண்கலம் சூட்டை விடாது. பத்து நிமிடத்தில் மீதி தானாக வெந்துவிடும், அப்புறம் வடியுங்கள்.

பி வைட்டமின்களில் ஒரு பங்கு கஞ்சியில் இறங்குவது உண்மைதான். கஞ்சியைக் கொட்டாமல் உப்பும் மோரும் சேர்த்துக் குடியுங்கள். மகள்கள் வரும்போது அவர்களுக்கும் கொடுங்கள்.

கே: காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். ஆவி அடங்கக் காத்திருக்க முடியாமல் குக்கரைக் குழாயடியில் பிடித்தோ, கரண்டியால் வெயிட்டைத் தூக்கியோ திறந்துவிடுகிறேன். தப்பா?
— ஒரு வாசகி, மதுரை

ப: தப்பு. ஆபத்தும்கூட. உள்ளே 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் திடீரென்று விழும்போது ஒரே மூச்சில் பொங்கும். பருப்பு நுரை ஆவிக்குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு சத்தம் வராது. ஆவி அடங்கிவிட்டது என்று நம்பித் திறப்பீர்கள். வெளிமூடிக் குக்கராக இருந்தால் கொஞ்சம் பலத்தைக் காட்டினாலே திறந்துகொள்ளும். அப்படித் திறந்து முகத்திலும் கையிலும் வெந்துபோன பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வீண் என்று நினைக்கிற அந்தப் பத்து நிமிடமும் சமையல் நேரம்தான். அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடு இருக்கிறது, கேஸ் செலவில்லாமல் பருப்பு வேகிறது. பத்து நிமிடம் முன்னதாக அணைத்துவிட்டு அந்த நேரத்தில் தேங்காயை அரைத்து, தாளித்து முடியுங்கள். மொத்தத்தில் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது.

இன்று மாலையே குக்கர் மூடியை எடுங்கள். ஆவிக்குழாயில் ஊசியோ ஈர்க்குச்சியோ விட்டு அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். கேஸ்கட் தொளதொளத்திருந்தாலோ சேஃப்டி வால்வு பழையதாகியிருந்தாலோ உடனே மாற்றுங்கள். குக்கர் வைத்திருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: இதை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.