ஒரு கணிப்பொறியின் கெர்னலை மற்றொன்றில் உருவாக்குவது எப்படி?

புதுவகைச் செயலி பொருத்திய ஒரு கணிப்பொறி உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டைப் படிப்பது, எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்று தீர்மானிப்பது ஆகியவை கெர்னல் என்னும் அடிப்படை நிரலின் வேலைகள். இயங்குதளத்தின் கரு அதுவே. அதைச் சி மொழியில் எழுதியாயிற்று. ஆனால் செயலிக்குச் சி மொழி புரியாது; தன் ஆணைகளைக் குறிக்கும் எண்கள்தாம் புரியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது கம்பைலர். அந்தக் கம்பைலரைப் புதிய கணிப்பொறியில் ஓட்டலாமென்றால், அதற்கே கெர்னல் தேவைப்படுகிறது! என்ன செய்வது?

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணிப்பொறியில் கம்பைலரை ஓட்டுகிறோம். ஆனால் அது, தான் ஓடும் செயலிக்குரிய ஆணைகளை அன்றி, புதிய செயலிக்குரிய ஆணைகளை வெளியிடுமாறு எழுதப்பட்டிருக்கும். இதற்குக் கிராஸ் கம்பைலிங் என்று பெயர். விளையும் கெர்னல், அதை உருவாக்கிய கணிப்பொறியில் ஓடாது. சமைத்தவரே ருசி பார்க்க முடியாத சமையல் இது.

யூனிக்ஸ் கெர்னல் 1973இல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. பிடிபி-11 என்ற 16 பிட் கணிப்பொறியில் வளர்ந்த அதை, 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சனும் டென்னிஸ் ரிச்சியும் இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் கணிப்பொறிக்குக் கொண்டுசென்றனர். ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர், இன்டர்டேட்டா 7/32க்கு அதைத் தனியாகவே மாற்றினார். செயலியோடு நேரடியாக ஒட்டிய சிறு பகுதிகளைப் புதிதாக எழுதித்தான் ஆகவேண்டும். அது எதிர்பார்த்த வேலை. சி மொழிப் பகுதிகளில் ஒளிந்திருக்கும் வேறுபாடுகளே அதிகம் படுத்துபவை.

எண்ணின் அகலத்தைப் பாருங்கள். 16 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 65,535. நிரலில் 70,000 என்று இருந்தால், கம்பைலர் தான் ஓடும் கணிப்பொறியின் 16 பிட் வழக்கப்படி அதைக் கையாளக்கூடாது. கையாண்டால் 65,536 கழிந்து, 4,464 மட்டுமே மிஞ்சும். ஆகவே கம்பைலர் உட்கார்ந்திருப்பது ஓரிடம், கணக்குப் போடவேண்டியது வேறோரிடத்துக்கு.

அடுத்தது பைட் வரிசை. 258 என்பது 1 × 256 + 2. எனவே இரண்டு பைட்டுகளில் 1, 2 என்று அமைகிறது. இன்டர்டேட்டா பெரிய பைட்டை முதலில் வைக்கும். பிடிபி-11 சிறியதை முதலில் வைக்கும். பிடிபி-11 நாடாவில் எழுதிய அந்த எண்ணை மற்றது அப்படியே படித்தால் 2 × 256 + 1, அதாவது 513 ஆகிவிடும்! இரண்டு பொறிகளும் தத்தம் அளவில் சரியாகவே நடந்துகொள்கின்றன என்பதுதான் வேடிக்கை.

இன்றும் இம்முறை வழக்கில் உண்டு. ஆர்ம் செயலி கொண்ட சிறிய ராஸ்பெர்ரி பை கணிப்பொறிக்கான லினக்ஸ் கெர்னலை, இன்டெல் செயலி கொண்ட வேகமான கணிப்பொறியில் உருவாக்கி, நினைவக அட்டையில் பதிந்து எடுத்துச் செல்லலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: பைட் வரிசையைச் சோதிக்க 257 என்ற எண்ணைப் பயன்படுத்தினால் பிழை வெளிப்படாது. ஏன்? 65,535க்குள் இத்தகைய எண்கள் மொத்தம் எத்தனை?