கல்லின் வயதும் கல்லை நட்ட காலமும்

ஆறாம் வகுப்பில் ‘வரலாறு என்றால் என்ன?’ பாடம் நடத்தும்போது, ‘தொல்லியல் சான்று’ என்ற சொல்லை மாணவர்கள் எளிதில் எழுதிவிடுகின்றனர். ஆனால், ஒரு சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் தடுமாறுகின்றனர். “கல்லுக்கு எத்தனை வயதுன்னு யார் சார் கண்டுபிடிச்சாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு நான் பயன்படுத்திய எடுத்துக்காட்டு இது.

டார்ட்மூர் கல்வரிசைகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் உள்ள மேட்டுநிலம் டார்ட்மூர். மரங்கள் குறைந்த இப்புல்வெளியில் 70க்கும் மேற்பட்ட வரலாற்றுக்கு முற்பட்ட கல்வரிசைகள் உள்ளன. பெரும்பாலான கற்கள் முழங்கால் உயரமே இருக்கும். எர்ம் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள வரிசை 3 கி.மீ.க்கும் அதிக நீளமுடையது. மெரிவேல் என்னுமிடத்தில் இரட்டை வரிசைகள் உள்ளன.

காலம் அறிந்த விதம்

இக்கற்கள் கிரானைட் வகையைச் சேர்ந்தவை. கிரானைட் உருவாகிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. எனவே, கல்லின் வயது வேறு. மனிதர் அதை நட்ட காலம் வேறு. கதிரியக்கக் கார்பன் முறைக்கு உயிரினங்களின் எச்சம் தேவை. கல்லில் அது இல்லை.

2004இல் கட் ஹில் என்ற குன்றில், சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஒரு கல்வரிசை கண்டறியப்பட்டது. அதன் கற்கள் சாய்ந்து, தாவரங்கள் மட்கி உருவான ‘பீட்’ மண்ணில் புதைந்து கிடந்தன. கல்லுக்குக் கீழும் மேலும் இருந்த பீட் மண்ணை ஆய்வு செய்தபோது, அவ்வரிசை கி.மு. 4ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. அதுவரை, கல்வரிசைகள் பொதுவாக இதற்குப் பிற்பட்டவை என்றே கருதப்பட்டன. கல் சொல்லாததை மண் சொன்னது.

ஆயினும், ஒரு வரிசையின் காலம் எல்லா வரிசைகளுக்கும் பொருந்திவிடாது. எதற்காக நட்டனர் என்பதும் உறுதியாகவில்லை. சில வரிசைகளின் முனையில் ஈமக் கற்குவியல்கள் இருப்பதால் இறந்தோர் சடங்கு என்பர் சிலர். வானியல் நோக்கு என்பர் வேறு சிலர். பிளேக் பரவிய காலத்தில் நகர மக்களுக்கு உணவுப்பொருள் வைத்த இடம் மெரிவேல் என்று ஒரு கதையும் உண்டு. மக்கள் பழங்கற்களுக்குப் பிற்காலத்தில் விளக்கம் தேடியதற்கு அக்கதையே சான்று.

வகுப்பறைச் செயல்பாடு

கரும்பலகையில் ‘கண்டது’, ‘ஆய்ந்து அறிந்தது’, ‘ஊகம்’ என மூன்று கட்டங்கள் வரைக. மேற்கண்ட செய்திகளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் குழுக்களுக்கு வழங்குக. ஒவ்வொரு சீட்டையும் உரிய கட்டத்தில் ஒட்டி, காரணம் கூறச் செய்க. “கற்கள் இறந்தோருக்காக நடப்பட்டன” என்ற சீட்டை என் மாணவர்கள் முதலில் ‘அறிந்தது’ என்ற கட்டத்தில் ஒட்டினர். விவாதத்துக்குப் பின் தாமே எடுத்து ‘ஊகம்’ கட்டத்துக்கு மாற்றினர்.

தேர்வில் ‘தெரியவில்லை’ என்ற விடைக்கு மதிப்பெண் இல்லை. வரலாற்றில் அதற்கு மதிப்பு உண்டு. கல்லை இடம் மாற்றினால் அதன் அடியில் உள்ள சான்றும் அழியும் என்பதையும் மாணவர்கள் இப்பாடத்தின் வழியே உணர்வர். நம் ஊர்ப்புறத்தில் பழங்கல் ஒன்றைக் கண்டால், அதைத் தொடாமல், இருக்கும் இடத்திலேயே வரைந்து குறிப்பெடுக்கப் பழக்குவோம்.