நிலவறைச் சுவரும் ஈரமும்

கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும் குளிர்காலத்தில் நிலம் பல அடி ஆழம் உறைந்துவிடும். மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்தால் கட்டடம் பெயருமாதலின், அந்நாட்டார் உறைவு எட்டாத ஆழத்தில் அடித்தளம் இடுவர். அங்ஙனம் தோண்டிய பள்ளமே பல வீடுகளில் கான்கிரீட் சுவர் சூழ்ந்த நிலவறையாகின்றது. குடும்பம் பெருகுங்கால் அதனைப் படுக்கையறையாகவோ படிப்பறையாகவோ திருத்தியமைப்பர். ஈரத்தின் இயல்பை அறியாது இதனைச் செய்வாராயின், மறைவில் மரம் மக்கும், பூசணம் படரும், அங்கு உறங்குவோர்க்கு மூச்சுத் துன்பமும் நேரும்.

இவ்வீரம் இருவகைப்படும். மண்பானையில் நீர் கசிவது போல, கான்கிரீட்டின் நுண்டுளைகள் வழியே மண்ணின் ஈரம் உட்புகுவது ஒன்று. பனிக்கட்டியிட்ட குவளையின் புறத்தே துளிகள் அரும்புவது போல, அறைக்காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரிற் பட்டு நீராவது மற்றொன்று. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதிற் பாதியளவே இருப்பினும், சுவரின் வெப்பம் ஏறக்குறைய 9 டிகிரிக்குத் தாழ்ந்தவுடன் துளிகள் தோன்றும்.

எவ்வகை ஈரம் என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. இரண்டடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, இரண்டொரு நாள் விடுக. தாளின் பின்புறம் நனைந்திருப்பின் ஈரம் சுவரினின்று வருவது. முன்புறம் நனைந்திருப்பின் அறைக்காற்றினின்று வருவது.

பலர் கான்கிரீட்டை ஒட்டி மரச்சட்டம் நிறுத்தி, இடையே கண்ணாடிப் பஞ்சைப் பொதிந்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து மூடுவர். பஞ்சு வெப்பத்தைக் காக்குமேயன்றிக் காற்றைத் தடுக்காது. அறையின் வெப்பம் எட்டாமையாற் சுவர் முன்னினும் குளிரும். இடுக்குகள் வழியே புகும் நீராவி அதன்மேற் படிந்து நீராகும். மண்ணினின்று வரும் ஈரமோ தாளுக்குப் பின்னே சிறைப்பட்டு உலர வழியின்றி நிற்கும்.

ஆதலின் வேலையின் முறை இதுவாகும். முதலாவது, கூரைநீரைக் குழாய்வழியே சுவரைவிட்டு அகலச் செலுத்துக. வீட்டைச் சூழ்ந்த நிலம் முதல் 10 அடித் தொலைவில் 6 அங்குலமேனும் புறநோக்கிச் சரிதல் வேண்டும். இரண்டாவது, வெடிப்புகளை அடைத்து, சுவர் உலருமாறு காத்திருக்க. மூன்றாவது, நீரை எளிதில் உறிஞ்சாத பாலிஸ்டைரீன் நுரைப்பலகையைக் கான்கிரீட்டோடு இடைவெளியின்றி ஒட்டி, பொருத்துகளைக் காற்றுப் புகாவண்ணம் அடைக்க. அதன்பின்னரே மரச்சட்டம் நிறுத்துக. நுரைப்பலகை தீப்பற்றுவதாகலின் ஜிப்சப் பலகையால் அதனை மூடுதல் இன்றியமையாதது. கோடையில் வெளியினின்று வரும் ஈரக்காற்றும் குளிர்ந்த சுவரில் நீராகுமாதலின், அக்காலத்துச் சாளரங்களைத் திறந்துவைத்தல் நன்றன்று.

பௌதிக நூலில் நாம் பயிலும் பனிநிலை, ஒரு குடும்பத்தின் உடல்நலத்தையும் கைப்பொருளையும் காக்கும் அறிவாதலை இதனால் உணர்க. ஈரம் வரும் வழியை முதலில் அறிந்து அடைப்பதே முறை. அதன்மேல் அழகிய பலகை கொண்டு மூடுவது பரிகாரமாகாது.