பழைய லொறிக்கு விலை பேசுவது எப்படி?

நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம் பகுதிகளில் நெல், அரிசி, மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவருக்குச் சொந்த லொறி ஆடம்பரமல்ல. கிட்டங்கியைத் தாண்டிக் கல்முனைக்குச் சாமான் ஏற்றி இறக்க வாடகை கொடுத்தே இலாபத்தில் பாதி போய்விடுகிறது. ஆகவே சேமிப்பு, மனைவியின் நகை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக்கொண்டு ஒருநாள் வாகன விற்பனை நிலையத்துக்குப் போகிறோம். அங்கே அரை மணித்தியாலத்தில் பேசி முடிக்கும் விலைதான் அடுத்த நான்கைந்து வருட உழைப்பு எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சாரனுக்குப் பத்து ரூபா குறைக்க நீண்ட நேரம் பேசும் நம்மவர்கள், இருபத்தைந்து இலட்ச ரூபா வண்டிக்கு ஒரேயொரு கேள்விதான் கேட்கிறார்கள்: "கடைசி விலை எவ்வளவு காக்கா?" விற்பவர் ஐம்பதாயிரம் குறைப்பார். கை கொடுத்து முடித்துவிடுவோம். இது பேரமல்ல. பேரம் வாயில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை விற்பனை நிலையத்துக்குப் போகுமுன்னரே தொடங்கவேண்டும்.

விற்பவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது

அரிசி மூடையைக் கிழித்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும். பழைய வண்டி அப்படியல்ல. அதன் நோய் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் இதைப்பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பழுதான பழைய காரை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்பார்கள். நல்ல காரையும் எலுமிச்சையையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கேட்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்குவார். கடைசியில் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். இந்த விளக்கமும் சேர்ந்தே அவருக்கு 2001இல் நோபல் பரிசைப் பெற்றுக்கொடுத்தது.

நமக்கு இதில் உள்ள பாடம் இதுதான். வண்டியைப்பற்றி நீங்கள் கண்டறியும் ஒவ்வொரு விபரமும் காசு. குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருப்பதும், மறைத்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை வாங்கியவருக்கு வழங்கியிருப்பதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

முதல் வேலை: சந்தை விலை

அதே வகை, அதே உற்பத்தி ஆண்டு வண்டிகளுக்கு ஐந்தாறு இடங்களில் விலை கேளுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலையல்ல என்பதை மறக்கவேண்டாம். விற்ற விலை கராஜ்காரருக்கும் சாரதிகளுக்கும்தான் தெரியும். ஜப்பானில் ஓடி இங்கு வந்த வண்டிக்கு உற்பத்தி ஆண்டு ஒன்று, இங்கு பதிவான ஆண்டு வேறொன்று. விலை பேசவேண்டியது உற்பத்தி ஆண்டுக்கு. பதிவுச் சான்றிதழில் அது இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருடங்களில் பழைய வண்டியை வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் உண்டு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி மீண்டும் திறந்தது. ஆனால் "இந்த வண்டியை நான் இவ்வளவுக்கு எடுத்தேன்" என்று விற்பவர் அந்தக் காலத்து விலையைச் சொல்வார். அவர் எடுத்த விலை அவருடைய கதை. இன்று அதே வண்டி என்ன விலைக்குப் போகிறது என்பதே நமது கணக்கு.

இரண்டாவது வேலை: வண்டியைப் படிப்பது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழையில் நனைந்த வண்டியில் வர்ணப்பூச்சின் குறை தெரியாது. நீங்கள் வருமுன் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும். குளிர்ந்த நிலையில் இயக்கும்போது நீலப்புகை நின்று வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கரும்புகை டீசல் சரியாக எரியவில்லை என்பதன் அடையாளம். வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று மெக்கானிக் பார்க்கவேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் வயதான டயர் புது டயரல்ல. மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் காட்டி, கிளச் மிதியின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்கள்.

நமது பகுதிக்கு இரண்டு சோதனைகள் முக்கியம். ஒன்று கடற்காற்றின் துரு. வண்டிக்கு அடியில் படுத்து செசியைப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மற்றது வெள்ளம். மழைக்காலத்தில் கிட்டங்கி வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்வதை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. நீரில் நின்ற வண்டி கழுவித் துடைத்து எந்த ஊருக்கும் விற்பனைக்கு வரலாம். இருக்கையின் ஆணிகளில் துரு, விரிப்புக்கடியில் சேறு, விளக்குக்குள் நீராவி, உள்ளே பூஞ்சண மணம் இருந்தால் விலையே பேசவேண்டாம்.

மூன்றாவது வேலை: குறையை ரூபாவாக்குவது

"டயர் சரியில்லையே, பார்த்துக் குறையுங்கள்" என்றால் விற்பவர் சிரித்துவிட்டுப் பத்தாயிரம் குறைப்பார். குறையைக் கணக்காகச் சொல்லவேண்டும். விளங்குவதற்காக ஓர் உதாரணம் மட்டும் தருகிறேன். கேட்கும் விலை 28 இலட்சம். நல்ல நிலையில் உள்ள அதே வகை 26 இலட்சத்துக்குக் கைமாறுகிறது. நான்கு டயருக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம், கிளச்சுக்கு 60 ஆயிரம், பெட்டியின் தளத்துக்கும் வெல்டிங்குக்கும் 80 ஆயிரம். ஆக 3 இலட்சம். இந்த வண்டிக்கு உங்கள் உச்ச விலை 23 இலட்சம். இதை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பேச்சை 21 இலில் தொடங்கலாம். 23ஐத் தாண்டினால் எழுந்து வரவேண்டும். எழுந்து வரத் தெரியாதவருக்குப் பேரம் பேசத் தெரியாது.

கூலர் பொருத்திய மீன் லொறியோ, அருகம்பே பக்கத்து உல்லாசப் பயணிகளுக்காகப் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனோ வாங்குவதாயின் இரண்டு கணக்குப் போடவேண்டும். வண்டிக்கு ஒரு வயது, அதில் பொருத்திய சாமானுக்கு வேறொரு வயது. கூலரைப் பொருத்த விற்பவர் செலவழித்ததை முழுதாக உங்கள் தலையில் ஏற்ற இடம்கொடுக்க வேண்டாம். ஒரு மணித்தியாலம் அதை ஓடவிட்டுப் பார்த்து, இன்று அது தரும் பயனுக்கு மட்டும் விலை சொல்லுங்கள்.

மேசையில் அமர்ந்தபின்

மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். விலை பேசுபவர் ஒருவராகவே இருக்கட்டும். பிடித்துவிட்டது என்பதை முகத்தில் காட்டவேண்டாம். உங்கள் விலையைச் சொன்னபின் மௌனமாக இருங்கள். மௌனம் தாங்காமல் பேசுபவரே முதலில் இறங்குவார்.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பது ஆபத்தான கேள்வி. தவணையைச் சிறிதாக்க வருடத்தைக் கூட்டினால் போதும், வண்டியின் மொத்த விலை ஏறியது நமக்குத் தெரியாது. முறாபஹா வசதியில் எடுப்பவரும் முதலில் கைக்காசு விலையைப் பேசி முடிக்கவேண்டும். வங்கி அந்த விலைக்கு மேல்தான் தன் இலாபத்தைச் சேர்க்கும். நீங்கள் குறைக்காமல் விட்டதற்கும் சேர்த்தே அந்த இலாபத்தைக் கட்டவேண்டி வரும்.

"இன்னொரு பார்ட்டி பின்னேரம் அட்வான்சோடு வாறாங்க" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாக ஆளை நிறுத்தி விலையேற்றுவதை நஜ்ஷ் என்று மார்க்கம் தடுத்திருக்கிறது. எப்படியிருப்பினும் உங்கள் பையிலுள்ள துண்டின் இலக்கம் மாறக்கூடாது. அதேபோல் வாங்குபவரின் பொய்யும் பொய்தான். நல்ல எஞ்சினைக் கெட்டதென்பதும், இல்லாத வேறொரு வண்டியைக் காட்டி மிரட்டுவதும் வியாபாரிக்கு அழகல்ல. வாய்ப்பேச்சில் விலை முடிந்தபின் இரு தரப்பும் அதை மீண்டும் கிளறக்கூடாது.

பத்திரம் இல்லாமல் பணம் இல்லை

பதிவுச் சான்றிதழிலுள்ள செசி, எஞ்சின் இலக்கங்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு பலர் கைமாறிய 'ஓபன் பேப்பர்' வண்டி மலிவாகத் தெரியும். ஆனால் பதிவில் உள்ளவரைத் தேடிப் பிடிக்கும் அலைச்சலும், அவர் மரணித்திருந்தால் வரும் சிக்கலும் நமக்குத்தான். அட்வான்ஸ் கொடுத்தால், எந்த நிபந்தனையில் அது திரும்பக் கிடைக்கும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்த ஒட்டகத்தை விலைக்குக் கேட்டார்கள். விலை பேசப்பட்டது. மதீனா சேரும்வரை அதில் சவாரி செய்வேன் என்று ஜாபிர் நிபந்தனை வைத்தார், அதுவும் ஏற்கப்பட்டது. ஊர் சேர்ந்ததும் பேசிய விலை முழுதாகக் கொடுக்கப்பட்டது, ஒட்டகமும் அன்பளிப்பாகத் திருப்பி வழங்கப்பட்டது. களைத்த வாகனத்துக்கு விலை பேசுவதில் வெட்கமில்லை, நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை, தாராளம் காட்ட விரும்புபவர் கணக்கு முடிந்தபின் காட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா?

அடுத்த தடவை விற்பனை நிலையத்துக்குப் போகும்போது காசுக் கட்டோடு போகவேண்டாம். எழுதிய துண்டோடு போங்கள். காசு வங்கியிலேயே இருக்கட்டும். வண்டி நாட்டில் இன்னும் ஆயிரம் உண்டு, நகை விற்ற காசு ஒரு முறைதான் கையில் வரும்.