ஒரே ஆக்‌ஷனில் ஓடிய காளிகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குலசேகரன்பட்டினம் தசராத் தொகுப்பைப் பார்த்தேன். முதலில் கைப்பேசியில், அப்புறம் மேசைக் கணினியில். கைப்பேசியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் ரொம்ப இனிப்பாக இருந்திருக்கும். படங்களோடு ஒரு வரியும் போட்டிருந்தாயே, எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் பதிந்து வைத்த ஒரே ஆக்‌ஷனில் ஓட்டி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் சைஸ் குறைத்து முடித்துவிட்டதாக, அதைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

மூலக் கோப்பின் மேலேயே சேமிக்கக் கூடாது, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே என்னை உறுத்தியதற்கு வருகிறேன்.

உன் படுக்கைவாட்டுப் படங்கள் எல்லாம் 2048-க்கு 1365. நல்லது. நெட்டுவாட்டுப் படங்களைத் திறந்தால் 2048-க்கு 3072! ஆக்‌ஷனைப் பதிவு செய்யும்போது இமேஜ் சைஸில் அகலம் 2048 என்று கொடுத்திருக்கிறாய். போட்டோஷாப் சொன்னதைச் செய்யும் பிள்ளை. படம் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று பார்க்காமல், எல்லாவற்றின் அகலத்தையும் 2048 ஆக்கிவிட்டது. அதனால் நெட்டுப் படங்கள் மற்றவற்றைவிட இரண்டேகால் மடங்கு பரப்போடு வந்து நிற்கின்றன. என் திரையின் உயரம் 1080. கிரீடத்தைப் பார்த்துவிட்டு, முகத்துக்கு ஒருதரம் உருட்டி, சலங்கைக்கு இன்னொருதரம் உருட்ட வேண்டியிருக்கிறது. காளி வேடத்துக்கு விரதம் இருந்து, அத்தனை மரக்கைகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்ற மனிதரைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிகிறது.

இதற்கு மருந்து அதே மென்பொருளில் இருக்கிறது. ஆட்டோமேட் என்ற பட்டியலுக்குள் ஃபிட் இமேஜ் இருக்கும். ஆக்‌ஷனில் இமேஜ் சைஸை எடுத்துவிட்டு இதைப் பதிவு செய்; இரண்டு கட்டத்திலும் 2048 கொடு. நிற்கும் படமோ படுக்கும் படமோ, நீண்ட பக்கம் 2048-க்கு வந்து நிற்கும். லைட்ரூமில் என்றால் லாங் எட்ஜ். எனக்கு இந்த வேலைக்கு இன்றும் இர்ஃபான்வியூதான். 1996-இல் இர்ஃபான் ஷ்கில்யான் என்ற போஸ்னியக்காரர் எழுதி வெளியிட்டது. படத்தைத் திறந்து பி விசையைத் தட்டினால் பேட்ச் ஜன்னல் வந்துவிடும். அதன் அட்வான்ஸ்டு பகுதியில் நீண்ட பக்கத்துக்கு மட்டும் அளவு கொடுக்கலாம். என் பழைய கணினியிலேயே அது சிட்டாய்ப் பறக்கிறது. சந்தா கட்டித்தான் நல்ல வேலை செய்ய முடியும் என்று உங்கள் வயசுக்காரர்கள் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். அது போகட்டும்.

இரண்டாவது குறைதான் பெரியது: ஷார்ப்னெஸ். பகல் படங்களில் குறத்தி வேடம் கட்டிய ஒருவர் ஜிகினா வைத்த பாவாடையோடு ஆடுகிறார். மூலத்தில் ஒவ்வொரு ஜிகினாவும் இரண்டு மூன்று பிக்சல் இருந்திருக்கும். 6000 பிக்சல் அகலத்தை 2048 ஆக்கினால் ஏறக்குறைய ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. அந்த ஒன்றுக்குள் ஜிகினாவின் மினுக்கும் துணியின் கருப்பும் கலந்து ஒரு சராசரி நிறம் வர வேண்டும். வந்திருக்கும். அதோடு நீ விடவில்லை. சிறிதாக்கும் முறையாகப் பைகியூபிக் ஷார்ப்பரை வைத்துவிட்டு, அதன் தலைமேல் அன்ஷார்ப் மாஸ்க்கையும் ஓட்டியிருக்கிறாய். நீ சொல்லவில்லை, படம் சொல்கிறது. பாவாடை முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் பொரி. சூரசம்ஹாரப் படங்களில் கருப்பு வானத்துக்கும் கிரீடத்துக்கும் நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. சடைமுடி கம்பியாக நிற்கிறது.

இரவுப் படங்களில் இன்னொரு கூத்து. ஐஎஸ்ஓ கூட்டி எடுத்திருக்கிறாய், குருணை இருக்கும் என்று பயந்து, முழு அளவிலேயே நாய்ஸை மழித்துவிட்டாய். முகச்சாயம் பூசிய கன்னம் பிளாஸ்டிக் பொம்மைக் கன்னமாகிவிட்டது. ஒன்பது பிக்சல் கூடி ஒன்றாகும்போதே குருணை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக அடங்கிவிடும், தம்பி. சிறிதாக்குவதே பாதி மருந்து. முதலில் சிறிதாக்கு, அப்புறம் பார், மிச்சம் இருந்தால் தொடு.

புரூஸ் ஃபிரேசர் என்று ஒருவர் இருந்தார், 2006-இல் இறந்துவிட்டார். ஷார்ப் செய்வதை மூன்றாகப் பிரித்துச் சொன்னவர்: கேமராவின் மழுக்கத்துக்குக் கொஞ்சம், படத்தில் நமக்குப் பிடித்த இடத்துக்குக் கொஞ்சம், கடைசியாகப் படம் போய்ச் சேரும் இடத்துக்குத் தக்கபடி கொஞ்சம். லைட்ரூமில் ஏற்றுமதி செய்யும்போது திரைக்கா, மேட் தாளுக்கா, பளபளப்புத் தாளுக்கா என்று கேட்கிறதே, அதன் வேர் அவரும் நண்பர்களும் செய்த வேலையில்தான் இருக்கிறது. உன் பகல் படத்துக்கும் இரவுப் படத்துக்கும் அந்தக் கடைசிக் கொஞ்சம் ஒன்றாக இருக்க முடியாது. பேட்ச் ஓட்டாதே என்று நான் சொல்லவில்லை. மூன்று ஃபோல்டராகப் பிரித்து ஓட்டு: ஜிகினா, முகம், இரவு. சாதாரணப் பைகியூபிக்கில் சிறிதாக்கி, அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸை 0.3 பக்கம் வைத்து, நூறு சதவீதத்தில் கண்ணால் பார். இரவு ஃபோல்டருக்கு அதுவும் வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஓட்டுவது பழைய வியாதிதான். நான் திருநெல்வேலியில் கலர் லேபில் இருந்த காலத்தில், தசரா முடிந்த மறுநாள் காலையில் குலசை ரோல்கள் வந்து குவியும். பிரிண்டர் மிஷினுக்கு எல்லாப் படமும் சராசரிச் சாம்பல்தான். கருப்பு வானத்துக்கு முன்னால் ஃபிளாஷ் அடித்த காளியைக் கொடுத்தால், ஐயோ இவ்வளவு இருட்டா என்று அதுவாக வெளுக்க வைக்கும். வானம் சாம்பலாகி, முகம் சுண்ணாம்பாகிவிடும். ஆட்டோவில் விட்டால் ரோல் சீக்கிரம் முடியும், பக்கத்து லேபில் அப்படித்தான் விடுவார்கள். எங்கள் மிஷினில் உட்கார்ந்த அண்ணாச்சி விடமாட்டார். ஒவ்வொரு ஃபிரேமையும் திரையில் ஒரு நொடி பார்ப்பார். டென்சிட்டியை இரண்டு மூன்று புள்ளி ஏற்றுவார், மஞ்சளில் ஒன்று தட்டுவார், அடுத்தது. விசைகளைக் குனிந்து பார்க்கவே மாட்டார், வாயில் வெற்றிலை இருக்கும், யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். ஸ்டுடியோக்காரர்கள் சாத்தான்குளத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் பஸ் ஏறி எங்களிடம் வந்ததற்கு அந்த ஒரு நொடிதான் காரணம். அவருடைய பிரிண்டில் காளியின் நாக்குச் சிவப்பு நாக்குச் சிவப்பாக இருக்கும்.

நாக்கு என்றதும் நினைவு வருகிறது. ஜேபெக் தரத்தை 6-இல் வைத்திருக்கிறாய் போல. போட்டோஷாப்பின் 0 முதல் 12 வரையான அளவில் 6-க்கோ அதற்குக் கீழோ போனால், வெளிச்ச விவரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற விவரத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும். சாம்பல் படத்தில் தெரியாது. கருப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தால் கரை கசிந்துவிடும். குலசையில் எல்லாமே கருப்புக்குப் பக்கத்தில் சிவப்புதானே. 10-இல் வை.

உன் கோப்புகளில் 72 டிபிஐ என்றும் போட்டு வைத்திருக்கிறாய். இதைப் பற்றி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசுவேன் என்பது ஊருக்கே தெரியும். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளி இருந்தது. அச்சுக்காரர்களின் பாயின்ட் கணக்கோடு பொருந்தட்டும் என்று வைத்தார்கள். அந்தத் திரை போய், அதற்கு அடுத்த திரையும் போய், உன் சட்டைப்பையில் 400-ஐத் தாண்டிய திரை இருக்கிறது. ஆனாலும் இணையத்துக்கு 72 என்று வகுப்பெடுக்கிறார்கள். கோப்பில் அது வெறும் ஒரு குறிப்பு. ரீசாம்பிளை எடுத்துவிட்டு 72 போட்டாலும் 7200 போட்டாலும் ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது.

இதற்கு மறுபக்கம், 300 டிபிஐயில் அனுப்புங்கள் என்று கேட்கும் ஆல்பக்காரர்கள். எத்தனை அங்குலத்துக்கு என்று கேட்டால் முழிப்பார்கள். உன் 2048 பிக்சல் 300-இல் ஏழு அங்குலத்தைக்கூடத் தொடாது. 12-க்கு 36 கரிஷ்மா ஷீட் முழுக்க 300 வேண்டுமென்றால் நீளத்தில் 10,800 பிக்சல் தேவை. அந்த 300-ம் ஆர்ட் பேப்பரில் 150 கோட்டுத் திரையில் அடிக்கிற அச்சகத்துக்கு வந்த கணக்கு. நியூஸ்பிரிண்டுக்கு 200 தாராளம். இனிமேல் உன்னிடம் யாராவது டிபிஐ கேட்டால், அங்குலத்தைக் கேள். அங்குலம் சொல்லத் தெரியாதவருக்கு நீண்ட பக்கப் பிக்சல் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்.

திட்டுவதற்கு மட்டும் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அரசுப் பேருந்தின் ஜன்னலோரம் காளி உட்கார்ந்திருக்கும் படம். கிரீடம் மேல்கம்பியில் இடிக்காமல் தலையைச் சாய்த்து, கழற்றிய மரக்கைகளை மடியில் அடுக்கி, மிச்சம் இருக்கும் சொந்தக் கையால் கண்டக்டரிடம் சில்லறை வாங்குகிறார். கண்டக்டர் முகத்தில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை, பாக்கியைச் சரியாகக் கொடுக்கிற கவனம் மட்டும். பின் சீட்டுக் குழந்தை தூங்குகிறது. தசராப் படம் நான் பார்த்திருப்பது கொஞ்சநஞ்சமில்லை. இந்த மாதிரி ஒன்றை அண்ணாச்சியின் மிஷினிலும் பார்த்ததில்லை. இதை எடுத்தவனா வானத்தில் வெள்ளைக் கோடு விட்டான் என்றுதான் எரிச்சல்.

அந்தப் படத்தை 12-க்கு 18-இல் பிரிண்ட் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறேன், செலவு என்னுடையது. ரா ஃபைலை அப்படியே டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பு. மெயிலில் வைத்தால் 25 எம்பி தாண்டிவிட்டது என்று திருப்பிவிடும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதே, திறக்கக்கூட மாட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்