ஆகாய விமானத்தின் பின்சாய்ந்த இறக்கைகள்

முற்காலத்து ஆகாய விமானங்களின் இறக்கைகள் பெரும்பாலும் உடலுக்கு நேர்குறுக்காக நீண்டிருந்தன. வேகமிக்க விமானங்களிலோ அவை வாற்புறமாகச் சாய்ந்திருக்கக் காண்கிறோம். இச்சாய்வு அழகு கருதி அமைத்ததன்று. அதனால் விளையும் நன்மை யாது, அதற்குக் கொடுக்கும் விலை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இறக்கையின் மேற்புறத்துக் காற்று விமானத்தினும் மிக்க வேகத்துடன் ஓடுகிறது. ஆதலின், விமானம் ஒலியின் வேகத்தை எட்டுமுன்னரே அக்காற்று அதனை எட்டிவிடுகிறது. 11,000 மீட்டர் உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். அவ்வேகத்தை இறக்கைமேற் காற்று கடந்ததும் அதிர்ச்சியலைகள் தோன்றி, எதிர்ப்பு மிகுதியாகப் பெருகுகிறது.

1935ஆம் ஆண்டு ரோமாபுரியிற் கூடிய வோல்ட்டா மகாநாட்டில், ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்களுக்குச் சாய்ந்த இறக்கை நலம் பயக்கும் என ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் பூஸ்மன் எடுத்துரைத்தார். 1945இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஜோன்ஸ் தம் ஆராய்ச்சியால் இவ்வுண்மையைத் தனியே கண்டார்.

அதன் தத்துவம் எளிது. செங்குத்தான மேட்டில் பாரவண்டியை ஓட்டுபவன் அதனை நேரே ஏற்றாது குறுக்கே சாய்த்து ஏற்றுகிறான். மேடு அதுவேயாயினும் மாடுகள் உணரும் ஏற்றம் குறைகிறது. அங்ஙனமே, சாய்ந்த இறக்கையின்மீது வரும் காற்றின் வேகத்தை இரு கூறாகப் பிரிக்கலாம். ஒரு கூறு முன்விளிம்புக்குச் செங்குத்தானது. மற்றது விளிம்பின் நெடுகச் செல்வது. அதிர்ச்சியலையைத் தோற்றுவிப்பதில் முதற்கூறே முதன்மையானது. சாய்வு 35 பாகையாயின் அதன் கோசைன் 0.82 ஆகும். விமானம் 1,000 கிலோமீட்டர் வேகத்திற் சென்றாலும் முதற்கூறு 820 கிலோமீட்டரே. விமான உடலின் இடையூற்றால் நடைமுறையில் இந்நன்மை சற்றுக் குறையும். 1947இல் முதன்முதற் பறந்த எஃப்-86 சேபர், மிக்-15, போயிங் பி-47 ஆகிய மூன்றும் 35 பாகைச் சாய்வே கொண்டிருந்தன.

இனி விலையைக் காண்போம். முதற்கூறு குறைதலின் தாங்கும் விசையும் குறைகிறது. ஆகவே இறங்கும்போதும் மிக்க வேகம் வேண்டும். அன்றியும், இறக்கையை ஒட்டிய மெலிந்த காற்று நுனியை நோக்கி ஒதுங்கித் தேங்குகிறது. வேகம் தணிந்து மூக்கு உயரும்போது நுனியே முதலில் தாங்கும் வலிமையை இழக்கிறது. நுனியோ விமானத்தின் பாரமையத்துக்குப் பின்னே உள்ளது. முன்பகுதி மட்டும் தாங்கி நிற்பதால் மூக்கு மேலும் உயர்கிறது. உயர உயர இழப்பும் வளர்கிறது. 1956 ஜனவரியில் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் இறங்க முயன்ற, 45 பாகைச் சாய்வுடைய எஃப்-100 விமானம் இவ்வாறே மூக்குயர்ந்து தடுமாறி வீழ்ந்தது, விமானி உயிரிழந்தார்.

இக்கேட்டைத் தடுக்கவே மிக்-15இன் இறக்கைமேல் காற்று நுனிக்கு ஒதுங்காதபடி சிறு வேலிகள் அமைத்தனர். சேபரின் முன்விளிம்பிலோ, வேகம் தணிந்தவுடன் தாமே முன்வரும் தகடுகள் இருந்தன. நுனியைச் சற்றே கீழ்நோக்கி முறுக்கி அமைப்பதும் ஒரு வழி. 37.5 பாகைச் சாய்வுடைய போயிங் 747 போன்ற பெருவிமானங்கள் இறங்கும்போது நாம் உற்று நோக்குவோமாயின், இறக்கையின் முன்னும் பின்னும் மடல்கள் விரிவதைக் காணலாம். விரைவுக்கெனச் சாய்த்த இறக்கை, மெல்ல இறங்குதற்பொருட்டுத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. விரைந்து பறப்பதற்கேற்ற வடிவம் மெல்லப் பறப்பதற்கும் ஏற்றதாகாது; இவ்விரண்டையும் இணக்குவதே இறக்கை அமைப்போரின் அரும்பணி.